ரோட்டாவைரஸ் வகை பார்க்க: மல்டிப்ளெக்ஸ் பிசிஆரா, சாங்கர் சீக்வென்சிங்கா?

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டாவைரஸ் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்க எலைசா (வைரஸ் புரதத்தைக் காட்டும் சோதனை) போதும். எந்த வகை என்று பார்க்க, பல வகைகளின் ப்ரைமர்களை (மரபணுவில் ஒட்டிப் பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒரே குழாயில் போடும் மல்டிப்ளெக்ஸ் பிசிஆரா, மரபெழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சாங்கர் சீக்வென்சிங்கா என்பதில்தான் இழுபறி. நாங்கள் சீக்வென்சிங் பக்கம் வந்துவிட்டோம்.

முதல் பாதி வேலை இரண்டுக்கும் ஒன்றே. பிரித்தெடுத்த ஆர்என்ஏ-வை 97 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, சட்டென்று ஐஸில் இறக்க வேண்டும். இரட்டை இழை பிரியாவிட்டால் அடுத்த படியே நடக்காது. பிறகு வகையைத் தீர்மானிக்கும் இரண்டு வெளிப்புறப் புரதங்களின் மரபணுக்களான விபி7-இல் (ஜி வகை) 881, விபி4-இல் (பி வகை) 876 கார இணை நீளத் துண்டுகளைப் பெருக்க வேண்டும். இதற்குமேல் மல்டிப்ளெக்ஸ் மலிவு, வேகம், அதை மறுப்பதற்கில்லை.

அடிபடுவது ப்ரைமர் பராமரிப்பில். வகைக்கேற்ற ப்ரைமர்கள் ஒட்டுவது வகைக்கு வகை வேறுபடும் பகுதிகளில். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதும் அங்கேதான். ப்ரைமரின் 3' முனையில் ஓரிரு எழுத்து பொருந்தாமல் போனால், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை விழாது. வேறு வகையின் ப்ரைமர் ஒட்டிப் பொய்ப்பட்டை விழுந்தால் இன்னும் மோசம், யாருக்கும் சந்தேகமே வராது. பி[8]-க்கான பழைய ப்ரைமர் புதிய கிளைகளைத் தவறவிட்டதால்தான் அதைத் திருத்தி எழுத வேண்டிவந்தது. ப்ரைமர் இன்னும் செல்லுமா என்று பார்க்கவே சீக்வென்ஸ் வேண்டும் என்றால், அதையே நேராகச் செய்துவிடலாமே.

ஜெல்லிலும் சிக்கல் உண்டு. பட்டையின் நீளம் ஜி1-க்கு 618, ஜி3-க்கு 682. இடைவெளி 64 கார இணைதான். 2% ஜெல்லைப் பாதியில் நிறுத்தினால் ஒன்றை மற்றொன்றாகப் படிப்போம். இந்தியாவில் 2016-இல் தடுப்பூசி வந்தபின் ஜி1பி[8] இறங்கி ஜி3பி[8] ஏறியது. தடுப்பூசிதான் காரணமா என்பது தனி வழக்கு. ஜி1, ஜி3 இரண்டையும் குழப்பக்கூடாத இடம் இதுதான். 2013 முதல் பல நாடுகளில் தென்பட்ட, குதிரை வைரஸ் சாயலுள்ள ஜி3-யும் ஜெல்லில் சாதாரண ஜி3-தான். விபி7 வரிசையை வைத்துப் பார்த்தால் தனிக் கிளையாக நிற்கும்.

சாங்கர் தடுமாறுவது ஒரே மாதிரியில் இரு வகை சேர்ந்திருக்கும் கலப்புத் தொற்றில். வரைபடத்தில் எழுத்துகளைக் காட்டும் உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அந்த மாதிரிகளுக்கு மட்டும் மல்டிப்ளெக்ஸ் ஓட்டலாம். ஆனால் இரண்டாம் சுற்றுப் பெருக்கலுக்காக முதல் சுற்றுக் குழாயைத் திறப்பதால் துளி பரவி, இல்லாத கலப்பும் தெரியும். தனி அறையும், ஒவ்வொரு ஓட்டத்திலும் வெறும் நீர்க் குழாயும் கட்டாயம்.

வைரஸின் பதினொரு மரபணுத் துண்டுகளையும் படிக்க நானோபோர் (நுண்துளை வழியாகப் படிக்கும் சீக்வென்சிங்) இருக்கிறது; அதில் எங்கள் கை இன்னும் பழகவில்லை. அதன் ஃப்ளோசெல் (படிக்கும் சில்லு) சீக்கிரம் காலாவதியாகும் என்பதால், மாதிரி குறைவாக வரும் இடத்துக்கு உடனே பரிந்துரைக்கத் தயக்கம்.

சீக்வென்சிங்கை வெளியே கொடுப்பவர்கள் துண்டை முதலில் ஜெல்லில் பார்த்து, சுத்தம் செய்தபின் அனுப்புங்கள். மங்கலான பட்டையை அனுப்பினால் படிக்க முடியாத கோப்புக்கும் அதே பில்தான்.