12 அங்குல டவ்டெயில் ஜிக்: எந்தப் பட்டறைக்குக் கட்டுபடியாகும்?

டிராயரின் முகப்பில் மூட்டே தெரியாது, பக்கப் பலகையில் மட்டும் புறாவால் வரிசை தெரியும். அந்த அரைமறைவு டவ்டெயிலை (புறாவால் மூட்டை) ரௌட்டரில், அதாவது பிட் என்ற வெட்டுமுனை சுழன்று மரத்தைக் குடையும் மின்கருவியில், வெட்டத்தான் இந்த 12 அங்குல ஜிக் என்ற வழிகாட்டிச் சட்டம். இணையக் கடைகளில் பல பெயர்களில் வந்தாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: மடித்த இரும்புத் தகட்டிலோ அலுமினியத்திலோ உடல், முன்னும் மேலும் ஒவ்வொரு கிளாம்ப் பட்டை, தலையில் சீப்பு போல ஒரு டெம்ப்ளேட்.

பிளைவுட்டில் மாடுலர் கிச்சன் வேலை மட்டுமே எடுப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். பிளைவுட்டின் குறுக்கு அடுக்குகள் பிட் பட்டதும் சிம்பு சிம்பாகப் பெயரும். தவிர, டேண்டம் பாக்ஸ் (இரும்புப் பக்கங்களோடு வரும் டிராயர் செட்) போடும் டிராயருக்கு மரப் பக்கமே கிடையாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு டிராயர் செய்பவருக்கு நல்ல ரம்பமும் தீட்டிய உளியும் போதும். ஜிக்கை செட் செய்யும் நேரத்தில் கையாலேயே வெட்டி முடித்துவிடலாம். தேக்கிலோ ரப்பர் மரப் பலகையிலோ ஒரே அளவில் எட்டு, பத்து டிராயர் கொண்ட ஆர்டர் அடிக்கடி வருகிற பட்டறைக்குத்தான் இது காசைத் திருப்பித் தரும்.

அப்படிப்பட்ட பட்டறையிலும் பலர் முதல் நாளே மாட்டிக்கொள்வது ரௌட்டரில்தான். வழக்கமான ஜிக்குக்கு 12.7 மி.மீ. அகலமும் 14 டிகிரி சாய்வும் கொண்ட டவ்டெயில் பிட் வேண்டும். அதோடு 11.1 மி.மீ. வெளிவிட்டமுள்ள கைடு புஷ், அதாவது பிட்டைச் சுற்றி நின்று டெம்ப்ளேட்டை உரசிப் போகும் வளையம், வேண்டும். டெம்ப்ளேட் விரல்களின் இடைவெளி, மையத்துக்கு மையம், 22.2 மி.மீ. மூன்றும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்ட அளவுகள். 11.1 கிடைக்கவில்லை என்று 10 மி.மீ. புஷ்ஷைப் போட்டால் வெட்டுகள் எல்லாம் 1.1 மி.மீ. அகலமாகும்: வால் அந்த அளவு மெலியும், அது உட்காரும் பள்ளம் அந்த அளவு விரியும். மூட்டில் 2 மில்லிக்கு மேல் ஆட்டம். ஆழத்தைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது.

பெட்டியோடு வரும் புஷ் பெரும்பாலும் அமெரிக்க முறை. ரௌட்டரின் அடித்தட்டான சோல் பிளேட்டின் 30 மி.மீ. சொச்சம் துளையில் இறங்கி, வளைய நட்டால் இறுகும். நம் ஊரில் அதிகம் புழங்கும் மகிட்டா, போஷ் ரௌட்டர்களில் புஷ் பிடிக்கும் முறை வேறு. அடாப்டர் தேட வேண்டும், இல்லையென்றால் 6 மி.மீ. அக்ரிலிக்கில் புது சோல் வெட்ட வேண்டும். அதன் துளை, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலட்டின் நேர் மையத்தில் விழாவிட்டால், ரௌட்டரைத் திருப்பிப் பிடிக்கும் போதெல்லாம் வெட்டு இடம் மாறும். எப்படியிருந்தாலும் கைப்பிடியைத் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே திசையில் பிடிப்பது நல்லது.

பிட்டின் காம்பான ஷாங்க்கையும் கவனியுங்கள். பிட்டின் தலை 12.7 மி.மீ. என்பதால் புஷ்ஷுக்குள் நுழையாது. புஷ்ஷை முதலில் மாட்டி, பிட்டின் காம்பைக் கீழிருந்து அதற்குள் ஏற்றித்தான் கோலட்டில் இறுக்க முடியும். அரை அங்குல ஷாங்க் இந்தப் புஷ்ஷில் போகவே போகாது. கால் அங்குலமோ 8 மில்லியோதான். 6.35 மி.மீ. (கால் அங்குல) கோலட்டில் 6 மி.மீ. பிட்டைச் சொருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேலை நடுவில் நழுவி இறங்கும், ஆபத்து. ஸ்பிரிங்கில் ஏறி இறங்கும் பிளஞ்ச் ரௌட்டரில் இன்னொரு வம்பு: லாக் தளர்ந்தால் ஸ்பிரிங் மெஷினை மேலே தூக்கும், சுற்றும் பிட் நேராகப் புஷ்ஷில் அடிக்கும். ஆழம் வைத்ததும் லாக்கை இறுக்கிவிட்டு, அந்த வேலை முடியும்வரை தொடாமல் இருப்பதே வழி. 500 வாட் சொச்சம் ட்ரிம்மர் (ஒற்றைக் கையால் பிடிக்கும் சின்ன ரௌட்டர்) இதற்குப் போதாது. டவ்டெயிலை இரண்டு தடவையாக ஆழப்படுத்த முடியாது, முழு ஆழமும் ஒரே ஓட்டத்தில் போக வேண்டும். தேக்கில் ட்ரிம்மர் திணறும், மரம் கருகும்.

செட்டிங் ஒரு தடவை பிடிபட்டால் சுலபம். பக்கப் பலகை முன் கிளாம்பில் நெட்டுக்குத்தாக, உட்பக்கம் வெளியே தெரியும்படி. முகப்புப் பலகை மேலே படுக்கையாக, அதன் உட்பக்கம் மேல் நோக்கி. பக்கப் பலகையின் தலை முகப்பின் மேல் தளத்தோடு மட்டமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே அரை இடைவெளி, அதாவது 11.1 மி.மீ. விலகல், அதைக் கொடுப்பது ஓரத்து ஸ்டாப். மலிவு ஜிக்குகளில் இந்த ஸ்டாப்பைத்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும். விலகல் தப்பினால் மூட்டு சேரும், ஆனால் இரண்டு பலகைகளின் விளிம்பும் ஏறி இறங்கி நிற்கும். ஒரு டிராயரின் நான்கு மூலைகளில் இரண்டு இடது ஸ்டாப்பில், இரண்டு வலது ஸ்டாப்பில் வெட்ட வேண்டியவை. பலகையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுத்துப் போடாமல் ஆரம்பித்தால் ஒரு மூலையாவது தலைகீழாகப் போகும்.

தொடக்க ஆழம் 9.5 மி.மீ. வைத்துக் கழிவுப் பலகையில் வெட்டிப் பாருங்கள். மூட்டு தளர்வாக இருந்தால் பிட்டை இன்னும் இறக்குங்கள், இறுக்கமாக இருந்தால் ஏற்றுங்கள். பலருக்கு இது நேர்மாறாகத் தோன்றும். பிட் சாய்வானது, ஆழமாகப் போகப் போக அதன் ஒடுங்கிய கழுத்து மேல் தளத்துக்கு வரும், வால் அகலப்படும். 14 டிகிரியில் 0.2 மி.மீ. ஆழ மாற்றம் மூட்டில் 0.1 மி.மீ. காட்டும். அதனால் கால் மில்லிக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். அடுத்தது மட்டம். பக்கப் பலகை முகப்பு முனையைத் தாண்டித் துருத்தினால் பள்ளம் போதவில்லை, டெம்ப்ளேட்டை உள்ளே தள்ள வேண்டும்; உள்வாங்கினால் உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். இறுக்கத்துக்குப் பிட், மட்டத்துக்கு டெம்ப்ளேட். ஒரே நேரத்தில் இரண்டையும் திருகினால் மாலைவரை கழிவுக்கட்டை வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வெட்டும்போது முதலில் வலமிருந்து இடமாக, பக்கப் பலகையின் முகத்தை மட்டும் லேசாகச் சீவிக்கொண்டு போனால் நார் பிய்ந்து வராது. பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொரு விரல் இடுக்கிலும் போய் வர வேண்டும். பிட் சுற்றும்போது ரௌட்டரைத் தூக்கவே கூடாது. டெம்ப்ளேட்டும் பிட்டும் ஒரே நொடியில் காலி.

டிராயர் உயரம் 22.2இன் மடங்காக இருந்தால்தான் இரண்டு ஓரத்திலும் அரைப் பின் (வால்களுக்கு நடுவே நிற்கும் மரத்தில் பாதி) சமமாக வரும்: 89, 111, 133, 156 மி.மீ. ஜிக்குக்கு ஏற்ப டிசைனை மாற்றுகிற இந்தக் கட்டாயம் பிடிக்காதவர்கள், விரல்களை நகர்த்தி வைக்கும் கனடா நாட்டு லீ டி4ஆர் ப்ரோ போன்ற 24 அங்குல ஜிக்கைத்தான் பார்க்க வேண்டும். அது வேறு விலைத் தட்டு. வால்களின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து, கையால் வெட்டியது போன்ற தோற்றம் கேட்கும் வாடிக்கையாளர் இல்லாவிட்டால் அந்தச் செலவுக்கு நியாயமில்லை. ஃபிங்கர் ஜாயிண்டுக்காக (சாய்வில்லாத நேர்ப்பற்கள் கோத்த மூட்டுக்காக) மட்டும் எந்த ஜிக்கும் வாங்க வேண்டாம். டேபிள் ரம்பத்தில் பலகையைத் தள்ளும் மைட்டர் கேஜில் ஒரு கட்டையைப் பொருத்தி நீங்களே செய்துகொள்ளலாம்.

மலிவு ஜிக்கை வாங்குவதானால் டெம்ப்ளேட் அலுமினியமா என்று பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் சீப்பு புஷ் உரசி உரசித் தேயும். உடல் தகடு நெளியும் என்பதால் 18 மி.மீ. பிளைவுட் மேல் திருகிவிட்டு வொர்க்பெஞ்சில் கட்டுங்கள். கிளாம்ப் பட்டையின் ஒரு முனையில் மட்டும் பலகை இருந்தால் பட்டை கோணலாகி, பலகை வேலை நடுவில் நகரும். மறுமுனையில் அதே கனத்தில் ஒரு துண்டு வைக்க வேண்டும். பட்டையின் உட்புறம் 120 நம்பர் உப்புத்தாள் ஒட்டினால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும். பலகை வளைந்திருந்தால் எந்த ஜிக்கும் காப்பாற்றாது. இழைத்து நேராக்கி, பக்கங்கள் எல்லாம் ஒரே 12 மி.மீ., முகப்பு 18 அல்லது 20 மி.மீ. என்று கனம் எடுத்த பிறகே ஜிக்கில் ஏற்றுங்கள்.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிட் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு பிட்டாகவே இரண்டு வாங்கிவையுங்கள். சாணை பிடித்த பிட் கொஞ்சம் சிறுத்து வரும், பழைய ஆழத்தில் மூட்டு இறுகும், ஆகவே ஆழத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். சரியாக அமைந்த கழிவுத் துண்டு ஒன்றை, மேலே ஆழத்தையும் பிட்டையும் எழுதி ஜிக்கிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த ஆர்டருக்கு அந்தத் துண்டில் பிட்டை வைத்து ஆழம் பார்த்தால், அரை நாள் எடுத்த செட்டிங் கால் மணி நேரத்தில் முடியும்.