‘ஆதன்’ என்ற பெயரைத் தேடியபோது: ஒரு குழந்தைப் பெயர்ச் செயலியைப் பற்றி

என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்ததும், பெயர் தேடும் பொறுப்பைத் தாய்மாமனான என்னிடம் ஒப்படைத்தார்கள். பெயர் சிறியதாகவும் தமிழாகவும் இருக்க வேண்டும், வகுப்பில் அதே பெயரில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கக் கூடாது என்பதே அவர்கள் விருப்பம். கீழடி அகழாய்வைப் பற்றிப் படித்திருந்த மாப்பிள்ளை, அங்கே கிடைத்த பானையோட்டில் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் இருக்கும் ‘ஆதன்’ என்ற பெயரைச் சொன்னார். அதன் பொருளை அறியவும், வேறு பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கவும், பலரும் பயன்படுத்தும் ஒரு குழந்தைப் பெயர்ச் செயலியைக் கைப்பேசியில் நிறுவி மூன்று வாரங்கள் பயன்படுத்தினேன்.

பெயர்களைத் திரட்டுவதற்கு அது நல்ல துணை. முதலெழுத்தைக் கொடுத்துத் தேடலாம். மூன்றெழுத்துப் பெயர்களை மட்டும் தனியே பிரிக்கலாம். பிடித்தவற்றைக் குறித்து வைத்தால் அந்தப் பட்டியல் தங்கையின் கைப்பேசியிலும் தெரிகிறது. தமிழ் எழுத்துகள் சிதையாமல் வருகின்றன. இரவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே ஒரு கையால் பட்டியலைத் தள்ளிப் பார்க்க முடிந்ததைத் தங்கை பெரிதும் பாராட்டினாள்.

அரிய பெயர் என்று வரும்போதுதான் அதன் குறை வெளிப்படுகிறது. ‘ஆதன்’ என்று தேடியதும் ‘சூரியன், ஒளி பொருந்தியவன்’ என்று பொருள் வந்தது. சூரியனைக் குறிக்கும் சொல் ஆதவன். நடுவே ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால் வேறொரு பெயரின் பொருள் இதன்மேல் ஏறிவிட்டது. எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வீட்டிலிருந்த பேரகராதியைப் புரட்டினேன். உயிர், அருகன் (சமணர் வணங்கும் கடவுள்) என்ற பொருள்களோடு குருடன், அறிவில்லாதவன் என்ற பொருள்களும் ஆதன் என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருந்தன. தங்கையின் முகம் வாடியது. “அண்ணா, இதைப் பார்த்த பிறகும் எப்படி வைப்பது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தருவதுதான் இத்தகைய செயலியின் வேலை என்று நான் கருதுகிறேன். இந்தச் செயலியிடம் அந்த விடை இல்லை.

விடை, அந்தப் பெயரைத் தாங்கியிருந்தவர்களிடம் இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பிற்காலத்தில் சேர்ந்த பொருள் வேறு, அது மனிதர்களின் பெயராக வழங்கிய வரலாறு வேறு. உதியஞ்சேரலாதன், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன் எனச் சேர மன்னர் பெயர்களில் ஆதன் திரும்பத் திரும்ப வருகிறது. கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டான் மலையில் சமணத் துறவிக்குக் குகைத்தளம் அமைத்துக் கொடுத்ததைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறையில் தொடங்கி அவன் மகன் பெருங்கடுங்கோ, பெயரன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைகளைச் சொல்கிறது. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாடல்களும் ‘வாழி ஆதன், வாழி அவினி’ என்ற வாழ்த்தோடுதான் தொடங்குகின்றன. இழிவான பொருள் தொனித்திருந்தால் ஒரு பெயரை இப்படி வாழ்த்திப் பாடியிருக்க மாட்டார்கள்.

மன்னர்களோடு அது நின்றுவிடவுமில்லை. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் தன் நண்பர்களைப் பெயர் சொல்லி நினைக்கும் புறநானூற்று 71ஆம் பாடலில் ஆதன் அழிசி என்பவன் வருகிறான். கீழடிப் பானையோட்டில் இருப்பதும் அரசன் பெயராகத் தெரியவில்லை. ‘குவிரன் ஆதன்’ என்று படிக்கப்படும் அந்தக் கீறலை, தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்துக்கொண்ட ஒருவருடையதாகவே நான் பார்க்கிறேன்.

என்னை மிகவும் ஈர்த்தது இன்னொரு செய்தி. ஆதன் என்பதோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் ‘ஆந்தை’ என்றாகும்; பூதன் என்பதோடு சேர்ந்தால் ‘பூந்தை’ என்றாகும். இதற்கெனத் தொல்காப்பியத்தில் தனி நூற்பாவே இருக்கிறது. கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரின் பெயரில் இருப்பது பிசிர் என்ற ஊரும் இந்த ஆந்தையும்தான். இலக்கணம் எழுதியவர் தனியே விதி சொல்ல வேண்டிய அளவுக்கு அந்தப் பெயர் அன்றாட வழக்கில் இருந்திருக்கிறது. இதைக் கேட்டபோதுதான் தங்கையின் தயக்கம் விலகியது. மகன் ஆதன் என்றால் மாப்பிள்ளை ஆந்தை ஆவார் என்று அம்மா சொல்லிச் சிரித்தார்.

அடுத்தது, பெயர் எவ்வளவு பரவலாக வழங்குகிறது என்பதைக் காட்டும் பகுதி. செயலி இந்தப் பெயருக்கு ஒரு தரவரிசை எண்ணையும் ஏறுமுகமான ஒரு கோட்டையும் காட்டியது. அந்த எண் எந்த நாட்டுக்குரியது, எந்த ஆண்டுக்குரியது என்று குறிப்பிடவில்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான குழந்தைப் பெயர்களின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்கும் குறைவாக வைக்கப்பட்ட பெயர்களைத் தனியுரிமை கருதி விட்டுவிடுகிறது. இந்தியாவில் அப்படி ஆண்டுதோறும் வெளியாகும் பெயர்ப் பட்டியல் இல்லை. எனவே தமிழ்ப் பெயர் ஒன்றுக்குக் காட்டப்படும் தரவரிசை, செயலியில் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பதாக இருக்கலாம், அல்லது வெளிநாட்டுக் கணக்கில் ஆங்கில எழுத்தில் ஒத்திருக்கும் வேறொரு பெயராக இருக்கலாம்.

இந்த இரண்டாவது குழப்பம் ஆதனுக்கு மிகவும் பொருந்தும். ஆங்கிலத்தில் ‘ஹெச்’ எழுத்தை விட்டுவிட்டால், ஸ்பானிய மொழியில் ஆதாமைக் குறிக்கும் பெயரும் இதுவும் ஒன்றாகிவிடும். படிப்பவர்கள் ‘ஆடன்’ என்றும் அழைப்பார்கள். ‘ஹெச்’ சேர்த்தால், இஸ்லாமியர்களின் தொழுகை அழைப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லின் எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகும். பெற்றோர் முன்கூட்டியே அறிய வேண்டிய செய்தி இது. செயலியோ நான்கு எழுத்துக்கூட்டல்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு, அவற்றின் வேறுபாட்டைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது.

பரவலான பெயர்களைத் திரட்டுவதற்கு இந்தச் செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அரிய பெயரின் பொருளுக்கும் பரவலுக்கும் அதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் அருகே அகராதியின் பெயரையோ பாட்டின் எண்ணையோ ஒரே ஒரு வரி சேர்த்தாலும் என் மதிப்பீடு மாறும். அதைத் தயாரிப்பாளர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அவசரப்படுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பெயரின்றிப் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். நாங்கள் அந்த அவகாசத்தை முழுவதும் எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று மாப்பிள்ளை விண்ணப்பத்தில் முதலில் தமிழில் ‘ஆதன்’ என்று எழுதினார். ஆங்கிலத்தில் ‘ஏ’ எழுத்தை இரண்டு முறை இட்டு, ‘ஹெச்’ சேர்த்து எழுதி, எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்த்த பிறகே கையெழுத்திட்டார்.