நிசான் 350இசட்: சென்சாரா, கன்வெர்ட்டரா, வெற்றுக் குழாயா?

பழைய 350இசட் காரில் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனர் பி0420 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டியதும் புதிய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) வாங்க ஓட வேண்டாம். முதல் சிலிண்டர் வரிசையின் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது காரின் கணினியின் ஊகம் மட்டுமே. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தத்தை வைத்தே அது அப்படி முடிவு செய்கிறது.

ஆகவே முதலில் சென்சார். விலையும் குறைவு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அருகே நிலையாக நின்றால் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது, 0.1க்கும் 0.9க்கும் இடையே தாவிக்கொண்டே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வி6 எஞ்சினில் சிலிண்டர்கள் இரு வரிசை, வரிசைக்கு ஒரு கன்வெர்ட்டர் என்பதால் இதில் இன்னொரு வசதியும் உண்டு. கம்பியின் நீளம் இடம் கொடுத்தால் இரு பக்கப் பின் சென்சார்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். குறியீடு பி0430 (இரண்டாம் வரிசைக்கான அதே புகார்) ஆக மாறினால் குற்றவாளி சென்சார்தான். புகைக்குழாய் இணைப்பில் உள்ள கேஸ்கட்டின் கசிவையும் பார்த்துவிடுங்கள்; அதன் வழியே நுழையும் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதையே வேறு. சிலிண்டர் ஒன்றில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. வண்டியை ஓட்டாதீர்கள்.

கன்வெர்ட்டரே பழுது என்று உறுதியானால், மலிவானதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு அதில் குறைவு. விளக்கு சீக்கிரமே திரும்பிவிடும். நிசானின் அசல் பாகம் விலை கூடியது. இரண்டுக்கும் நடுவே, கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் பெற்ற மாற்றுப் பாகமே என் தேர்வு. 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம் உண்டு. ஆனால் 2005, 2006ஆம் ஆண்டுகளின் 300 குதிரைத்திறன் எஞ்சின் என்றால், அது எண்ணெய் குடிக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். அந்த எண்ணெயின் சாம்பல் புதிய கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும்.

கன்வெர்ட்டருக்குப் பதிலாகப் பொருத்தும் வெற்றுக் குழாய் சத்தமும் கொஞ்சம் வேகமும் தரும் என்பது உண்மை. ஆனால் கன்வெர்ட்டரைக் கழற்றுவதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. எரியாத பெட்ரோல் நாற்றம் அக்கம்பக்கத்தார் மூக்குக்கும் போகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி நிறுத்தும் இடைத்துண்டும் அப்படித்தான்: விளக்கு அணையும், ஆனால் கன்வெர்ட்டர் பிற்பாடு உண்மையாகவே செயலிழந்தாலும் கணினி எச்சரிக்காது.