பிளாஷ் எக்ஸ்டெண்டர்: சோலைக்கு வேண்டும், தேயிலைக்காட்டுக்கு வேண்டாம்

பிளாஷ் தலைக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு, அதைத் தாங்க இரண்டு கைகள், இறுக்கிக் கட்ட ஒரு வெல்க்ரோ பட்டை. எக்ஸ்டெண்டர் என்றால் இவ்வளவுதான். தகட்டில் வட்ட வட்டமாக ஓடும் வரிகள்தான் ஃபிரெனல் லென்ஸ். பரந்து போகிற வெளிச்சத்தைக் குவித்து, 300 மிமீக்கு மேற்பட்ட லென்ஸ் பார்க்கிற குறுகிய இடத்துக்குள் அனுப்புவது அதன் வேலை. ‘பெட்டர் பீமர்’ இந்த வகையில் பெயர் பெற்றது. அதே அமைப்பில் பெயரில்லாத மலிவு நகல்களும் கிடைக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் வால்பாறை, மலக்கப்பாறை, தட்டேக்காடு பக்கம் 150-600 மிமீ லென்ஸும் கோடாக்ஸ் வி860-3 போன்ற பிளாஷும் வைத்துக்கொண்டு பறவைகளைப் படமெடுப்பவர்களுக்கு இது தேவையா என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் கணக்கு. வி860-3-க்குச் சொல்லப்படும் கைடு நம்பர், அதாவது எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரத்தைத் தரும் எண், 60 (மீட்டரில், ஐஎஸ்ஓ 100, தலை 200 மிமீ ஜூமில்). எஃப் 6.3-க்கு 60-ஐ 6.3-ஆல் வகுத்தால் ஒன்பதரை மீட்டர். ஐஎஸ்ஓ 800 வைத்தால் அது கிட்டத்தட்ட 27 மீட்டர் ஆகிறது. கம்பெனிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 18 மீட்டர் நிற்கும். ஒரு ஈபிடிப்பானை ஃபிரேம் நிறைய எடுக்க யாரும் அவ்வளவு தள்ளி நிற்பதில்லை. ஆகவே ‘தூரம் போகும்’ என்று சொல்லி விற்பதை நம்பி வாங்க வேண்டாம். தூரம் ஏற்கெனவே போகிறது.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கம்பெனி எண்ணையே வைத்துக்கொண்டால், பதினைந்து மீட்டரில், ஐஎஸ்ஓ 800, எஃப் 6.3-இல், முழு வெளிச்சத்தையும் பிளாஷே தர வேண்டுமென்றால் அதன் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு செலவாகும். துணை வெளிச்சமாக ஒன்றே முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) அளவுக்குக் குறைத்து அடித்தால் பத்தில் ஒரு பங்கு போதும். இது 1/250 ஷட்டருக்குள் இருக்கும் வரைதான். பறவை அசைகிறது என்று 1/1000-க்குப் போய் ஹை ஸ்பீட் சிங்க்கை (வேக ஷட்டருக்காகப் பிளாஷ் தொடர்ந்து மினுக்கும் முறை) போட்டால் மூன்று ஸ்டாப்புக்குக் குறையாமல் இழக்கிறோம். பத்தில் ஒரு பங்கு என்றிருந்தது ஏறக்குறைய முழுச் சக்தியாகிவிடும். முழுச் சக்தியில் அடித்தால் மறுபடி சார்ஜ் ஏற இந்த பிளாஷுக்கு ஒன்றரை நொடி வேண்டும். நான்கு பென்சில் பேட்டரி போடும் வகை இன்னும் மெதுவாகத்தான் ஏறும். அதற்குள் தீக்காக்கை கிளை மாறிவிடும். எக்ஸ்டெண்டர் மாட்டினால் அதே படம் கால் பங்குச் சக்தியை ஒட்டி முடிகிறது, அடுத்தடுத்து மூன்று நான்கு அடிக்கலாம், தலையும் சூடேறாது.

இரண்டு மூன்று ஸ்டாப் கூடும் என்று விளம்பரத்தில் இருப்பது, பிளாஷ் தலை ஏறக்குறைய 50 மிமீயில் இருக்கும்போது வரும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டு. இன்றைய பிளாஷ்கள் தாமாகவே 200 மிமீ வரை குவிந்துகொள்கின்றன. அதோடு ஒப்பிட்டால் கைக்கு நிற்பது ஒன்று, ஒன்றரை ஸ்டாப்தான். மேலே சொன்ன ‘கால் பங்கு’ அந்த ஒன்றரையை வைத்துத்தான்.

மாட்டுவதில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஜூம். லென்ஸ் 600-இல் இருப்பதைப் பார்த்து பிளாஷ் தலை தானாக 200-க்குப் போய்விடும். அப்போது வெளிச்சம் தகட்டின் நடுவில் மட்டும் விழும், படத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் இருட்டும் வரும். ஜூமை மேனுவலுக்கு மாற்றி 50 மிமீயில் நிறுத்துங்கள், தகடு முழுக்க வெளிச்சம் நிரம்பும். கேமராவை அணைத்துப் போட்டால் சில பிளாஷ்கள் மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடும். காட்டில் இறங்கியதும் பிளாஷ் திரையில் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நேர்க்கோடு. கதிர் குறுகிவிட்டதால் தலை ஒரு சொட்டு மேலே தூக்கியிருந்தாலும் வெளிச்சம் பறவையின் தலைக்கு மேலே போய் இலையில் விழும். கிளம்புவதற்கு முந்தைய இரவே, தங்கும் விடுதியின் வெளிச்சுவரில் பத்து மீட்டர் தள்ளி நின்று சோதித்துவிடலாம். லென்ஸை 400-இல் வைத்துச் சுவரில் ஒரு அடையாளத்தை நடுவில் கொண்டுவாருங்கள். பிளாஷை 1/64-இல் அடித்து, வெளிச்ச வட்டம் எங்கே விழுகிறது என்று படத்தில் பாருங்கள். வட்டம் ஒரு பக்கம் சரிந்தால் தகட்டின் கைகளில் ஒன்று தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். லென்ஸின் நடுக்கோட்டிலிருந்து பிளாஷ் சுமார் 25 செமீ உயரத்தில் இருந்தால், பத்து மீட்டரில் இரண்டின் கோடுகளுக்கும் இடையிலான சாய்வு ஒன்றரை டிகிரிக்குள்தான், பொருட்படுத்த வேண்டாம். நான்கு மீட்டரில் மூன்றரை டிகிரிக்கு மேல் போகிறது. அங்கே தலையைச் சற்று கீழே தாழ்த்த வேண்டும். வி860-3-இல் கீழ்நோக்கி 7 டிகிரி வரை தாழ்த்தலாம். ஆனால் பெரிய லென்ஸின் ஹூட் குறுக்கே வந்து கதிரின் அடிப்பாகத்தை மறைக்கிறதா என்று அதே சுவரில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு மீட்டருக்கு எக்ஸ்டெண்டரே வேண்டியதில்லை, கழற்றிவிடுவது சுலபம்.

கேமராவில் மேனுவல் மோட், 1/200 அல்லது 1/250, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 முதல் 1600. இயற்கை வெளிச்சம் ஒரு ஸ்டாப் குறைவாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு, பிளாஷ் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் பிளாஷ் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் ஒன்றரையில் தொடங்குங்கள். சோலைக்குள் டிடிஎல்லை (லென்ஸ் வழியே அளந்து பிளாஷ் அளவைக் கேமராவே முடிவுசெய்யும் முறை) அப்படியே நம்பினால் பறவை வெளுத்துவிடும். சின்னப் பறவைக்குப் பின்னால் வெகுதூரம் இருட்டு. அங்கிருந்து வெளிச்சம் திரும்பி வராததால் பிளாஷ் இன்னும் இன்னும் என்று அள்ளிக் கொட்டுகிறது. முன்னால் ஒரு ஏலக்காய் இலை நீட்டிக்கொண்டிருந்தால் கதை தலைகீழ், இலை வெள்ளையாகவும் பறவை கருப்பாகவும் வரும். டிடிஎல்லில் இன்னொரு தொந்தரவு, உண்மை பிளாஷுக்கு முன்னால் அடிக்கும் அளவு பார்க்கும் மினுக்கல். சில பறவைகள் அதற்கே இமைத்துவிடும், அடுத்த மினுக்கல் பாதி மூடிய கண்ணில் விழும். படம் படமாகக் கண்ணில் சவ்வு விழுந்திருந்தால் டிடிஎல்லை விட்டு மேனுவலில் 1/8 அல்லது 1/16-க்கு வந்துவிடுங்கள்.

ஷட்டர் 1/200-இல் இருக்கும்போது சுற்றுப்புற வெளிச்சம் பலமாக இருந்தால் பறவைக்கு இரட்டை விளிம்பு வரும், பிளாஷ் பதித்த கூர்மையான உருவமும் வெயில் பதித்த கலங்கிய உருவமும் சேர்ந்து. தேயிலைக்காட்டில், சில்வர் ஓக் மரத்து உச்சியில் எடுக்கும்போது இது உறுதி. அதனால்தான் திறந்த தேயிலைப் பரப்பில் இந்தச் சாமான் வேண்டாம் என்கிறோம். அங்கே 1/1000-ம் ஐஎஸ்ஓ 1600-ம் பிளாஷ் இல்லாமலே நல்ல படம் தரும்.

வேண்டிய இடம் சோலை ஓரத்து ஓடை. சீகாரப் பூங்குருவியை வைத்துப் பார்த்தால் புரியும். நிழலில் அது வெறும் கருப்புப் பறவை. நெற்றியிலும் தோளிலும் இருக்கும் நீலம் நிறமியால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிகிறது. ஒளி நம் பக்கமிருந்து போனால்தான் அது நம் பக்கம் திரும்பும். மைனஸ் ஒன்றே முக்காலில் ஒரு மினுக்கல் அடித்தால் நெற்றிப்பட்டையும் தோளும் எழுந்து வரும், உடம்பு கருப்பாகவே இருக்கும். மைனஸ் அரைக்கு ஏற்றினால் இறகு முழுக்கப் பிளாஸ்டிக் பளபளப்பாகி, ஓடைக்கல்லின் ஈரம் வெள்ளைத் திட்டுகளாகும். தரையோரப் புதரில் தத்தும் ஆறுமணிக்குருவிக்கும் இதே அளவு பொருந்தும். காலையில் மஞ்சள் வெயில் இருந்தால் கால் அளவு (1/4) ஆரஞ்சு ஜெல்லை, அதாவது மெல்லிய நிறத்தாளை, பிளாஷ் தலையில் ஒட்டுங்கள். தகட்டில் ஒட்டாதீர்கள், வரிகளில் பசை ஏறிவிடும்.

பறவையின் கண்ணில் வெள்ளி மின்னல் வருகிறதா? பிளாஷும் லென்ஸும் ஒரே கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான். பன்னிரண்டு மீட்டரில் 20 செமீ உயரம் ஒரு டிகிரி கூட இல்லை. பிளாஷ் பிராக்கெட் போட்டு உயரத்தைக் கூட்டினால் ஓரளவு குறையும், முற்றிலும் போகாது. ஆந்தை, பக்கி, தவளைவாயன் மூன்றுக்கும் இந்தக் குவிந்த கதிரை அடிக்கவே வேண்டாம். இருட்டுக்கு விரிந்திருக்கும் கண்ணில் இது விழக்கூடாது. கூட்டுக்கும் கூடாது. புலிகள் காப்பகத்துச் சவாரி வண்டியில் பிளாஷை வெளியே எடுக்காமல் இருப்பதே உத்தமம், மலையாளத்திலும் தமிழிலும் திட்டு வாங்க வேண்டியிருக்காது.

இனி இந்தச் சாமான் கெடும் விதம். பெரிய ஆபத்து வெயில். சூரியனை நோக்கித் திரும்பினால் ஃபிரெனல் தகடு பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்துப் பிளாஷ் முகப்பை உருக்கிவிடும், அதற்கு அதிக நேரம் ஆகாது. கேமராவைத் தோளில் போட்டு நடக்கும்போது பிளாஷ் வானத்தைப் பார்த்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். நிழலை விட்டு வெளியே வரும்போதெல்லாம் தகட்டை மடக்கிவிடுங்கள், அல்லது லென்ஸ் துடைக்கும் துணியைப் போர்த்துங்கள்.

வெல்க்ரோவின் பசை காரின் டேஷ்போர்டு சூட்டில் இளகி, ஒரு பக்கக் கை மட்டும் நழுவும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டிப் போட்டால் பசை வேண்டாம், பிடிப்பும் அதிகம். மலிவு நகல்களில் கையின் மடிப்புதான் முதலில் விரியும். தகடு மங்கினால் காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, தண்ணீர் ஊற்றி ஒற்றி எடுக்க வேண்டும். மழைத்தூறலிலும் பனிமூட்டத்திலும் எடுத்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளைப் பொட்டாகப் பதியும். அதற்கு எந்த அமைப்பிலும் மருந்து இல்லை, பிளாஷை அணைத்துவிட வேண்டியதுதான்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் சைலண்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டரை மறந்துபோய் பிளாஷ் ரிப்பேர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான பாடிகளில் எலக்ட்ரானிக் ஷட்டரில் பிளாஷ் அடிக்காது. நிக்கான் இசட்8, இசட்9 போன்ற வேகமான சென்சார் பாடிகள் விதிவிலக்கு.

தட்டேக்காட்டுப் பக்கம் மறைவிடக் கூடாரத்தில் உட்கார்ந்து எடுக்கப் போகிறவர்கள் எக்ஸ்டெண்டருக்குச் செலவழிக்க வேண்டாம். அங்கே பறவை வந்து உட்காரும் கொம்பு நிலையானது, தூரமும் மாறாது. கூடாரக்காரர் சம்மதித்தால், ஒரு டிரிக்கரும் சின்ன சாஃப்ட்பாக்ஸும் வைத்து பிளாஷைப் பக்கவாட்டில் நிறுத்தி, மேனுவலில் 1/16-இல் அடிப்பது எல்லா விதத்திலும் மேல். நிழலும் மென்மையாக இருக்கும், கண் மின்னலும் வராது.

வாங்குவதென்றால் பிளாஷ் தலையின் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு அதற்கான அளவைக் கேட்டு வாங்குங்கள். ஒரே அளவு எல்லாவற்றுக்கும் பொருந்தாது, தளர்வாக நின்றால் கதிர் சரியும். கோடாக்ஸ் வி1 போன்ற வட்டத் தலை பிளாஷுக்குச் செவ்வகத் தகட்டின் கைகள் பிடிக்காது. லென்ஸ் 300 மிமீக்குக் கீழே என்றால் ஃபிரேமின் ஓரங்கள் இருண்டுவிடும், அந்த லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம்.