காதா, கைபேசியா, டெசிபல் மீற்றரா? வானில் பேஸ் உச்சம் பெறும் அதிர்வெண்ணை அறியும் வழிகள்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வாடகை வான்களில் பின் இருக்கைக்கு அடியில் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் ஒரு சப்வூஃபர் பெட்டி இருப்பது வன்னியில் புதினமல்ல. அந்தப் பெட்டி எந்த அதிர்வெண்ணில் மிக உரத்து ஒலிக்கிறது என்று கேட்டால், பெட்டியை அடித்தவர் அதில் காற்று வந்துபோகும் துளைக்குழாயைக் கணக்கிட்ட எண்ணைச் சொல்வார். அது பெட்டியின் எண். வானின் எண் அன்று. வானின் உள்நீளம் 3 மீற்றர் என்று கொண்டால், அரை அலைநீளம் அந்த நீளத்துக்குச் சமமாகும் அதிர்வெண் ஏறத்தாழ 57 ஹேர்ட்ஸ் ஆகும். அதற்குக் கீழே மூடிய கூட்டுக்குள் காற்றழுத்தம் ஏறத் தொடங்குவதால், அதே பெட்டியைச் சிறிய காருக்கு மாற்றினால் உச்சமும் இடம் மாறக்கூடும். கதவில்லாத ஓட்டோவில் இந்த ஏற்றம் கிடைப்பதே அரிது. ஆகவே கணக்கை நம்பியிராமல், வண்டிக்குள் வைத்தே அளந்தாக வேண்டும்.

செலவில்லாத வழி காது. 30 முதல் 80 ஹேர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியைப் போட்டு, எங்கே நெஞ்சில் இடிக்கிறது என்று கவனிப்பதே பெரும்பாலானோர் செய்வது. மாங்குளத்துக் கராஜ் ஒன்றில் நானும் அப்படித்தான் கேட்டு, 60ஐத் தாண்டியதும் "இதுதான்" என்று அடித்துச் சொன்னேன். பின்னால் போய்ப் பார்த்தபோது இலக்கத்தகடு ஒரு பக்கத்து ஆணி கழன்று, செம்புழுதியை உதிர்த்தபடி தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி அதன் அடியில் செருகிய பின்னர் மீற்றரை வைத்தோம். உச்சம் 47இல் இருந்தது. என் காது ஏமாந்ததற்குத் தகடு மட்டும் காரணமன்று. ஒலி தாழத் தாழ மனிதக் காதின் உணர்திறன் விரைவாகக் குறைவதால், அழுத்தம் சமமாக இருந்தாலும் 60 ஹேர்ட்ஸ் ஒலி 40 ஹேர்ட்ஸ் ஒலியை விட உரத்ததாகவே தோன்றும். எனவே காது தகர ஒலியைத் தேடிப் பிடிக்க உதவும். உச்சத்தைத் தேட உதவாது.

கைபேசிச் செயலி எண்ணைக் காட்டுவதால் நம்பிக்கை தருகிறது; அந்த நம்பிக்கைதான் ஆபத்து. பேச்சுக்காகச் செய்யப்பட்ட ஒலிவாங்கி என்பதால் பல கைபேசிகள் காற்றிரைச்சலைத் தவிர்க்கத் தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடுகின்றன. அழுத்தம் கூடியதும் ஒலிவாங்கி திணறி, சத்தத்தைக் கூட்டினாலும் எண் நகராமல் நின்றுவிடும். இதற்கு மேல், செயலி பெரும்பாலும் ஏ நிறையிடலில், அதாவது காதைப் போலவே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் முறையில், இருக்கும். அந்த நிறையிடல் 63 ஹேர்ட்ஸில் 26.2 டெசிபலையும் 40 ஹேர்ட்ஸில் 34.6 டெசிபலையும் கழிக்கிறது. அதாவது உண்மையில் சமமாக ஒலிக்கும் இரண்டில் தாழ்ந்தது 8.4 டெசிபல் தோற்றதாகக் காட்டப்படும்.

கையடக்க டெசிபல் மீற்றரில் சி நிறையிடலைத் தெரிவு செய்தால் அதே வேறுபாடு 1.2 டெசிபலுக்குச் சுருங்கிவிடுகிறது. நமக்குத் தேவை எந்த ஒலி மற்றதை விட உரத்தது என்பதேயன்றி, சரியாக எத்தனை டெசிபல் என்பதன்று. ஆதலால் மலிவான மீற்றரின் சிறு பிழை பொருட்டல்ல. ஆயினும் அவற்றில் பல 130 டெசிபலோடு நின்றுவிடுவதால் அம்ப்ளிஃபயரின் சத்தத்தை அடக்கி வைத்தே அளக்க வேண்டும். மீற்றரைச் சாரதியின் தலை இருக்கும் உயரத்தில் அசையாமல் கட்டி, கதவு கண்ணாடிகளை மூடி, பற்றரியின் வோல்ற்றளவு இறங்காதபடி எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஹேர்ட்ஸாக இரண்டு மூன்று செக்கன்கள் மட்டும் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முடிவில் முதல் ஒலியைத் திரும்பவும் போட்டுப் பார்ப்பது அவசியம். அது முன்னரை விடக் குறைந்திருந்தால் வூஃபரின் கம்பிச்சுருள் சூடாகிவிட்டது என்று பொருள். மதிய வெயிலில் மூடிய வானுக்குள் இது எளிதில் நேரும்.

மடிக்கணினியும் அளவீட்டு ஒலிவாங்கியும் இருந்தால், ரூம் ஈக்யூ விஸார்ட் என்னும் இலவச மென்பொருள் சில செக்கன்களில் முழு வளைவையும் வரைந்துவிடும். உச்சத்தோடு பள்ளங்களும் தெரிவதால் பெட்டி அடிப்பவருக்கு இதுவே மேல். ஒரேயொரு வான் வைத்திருப்பவர் அந்த ஒலிவாங்கியை வாங்குவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது, மீற்றர் போதும்.

வூஃபரின் கூம்பு எங்கே மிகக் குறைவாக ஆடுகிறது என்று பார்க்கும் பழைய வழக்கமும் உண்டு. துளையுள்ள பெட்டியில் அது துளையின் அதிர்வெண்ணைச் சரியாகவே காட்டும். வானைப் பற்றி எதுவும் சொல்லாது.

கிடைத்த எண்ணை என்ன செய்வது என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சத்தப் போட்டிக்குப் போகிறவர் முழுச் சத்தத்தில் அந்த எண்ணின் இரு பக்கமும் மறுபடி அளந்துகொள்ள வேண்டும். ஏனெனில் சுருள் சூடாகித் துளையில் காற்றும் நெருக்குப்படும்போது உச்சம் சற்று நகரக்கூடும். பாட்டுக் கேட்பவருக்கோ அதே எண் குறைக்க வேண்டிய இடம்: ஈக்குவலைசரில் அதற்கு அண்மையான பட்டியை 3 டெசிபல் இறக்கினால், எல்லாப் பாட்டிலும் ஒரே சுரமாக உறுமிக்கொண்டிருந்த பேஸ் பிரிந்து கேட்கத் தொடங்கும்.