ஆள் எடுக்கிற சாஃப்ட்வேர்: ஒரு வருஷம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது (5க்கு 3)

எங்க டீம்ல பதினாலு பேர், போன வருஷம் புதுசா அஞ்சு பேரை எடுக்க வேண்டியிருந்துச்சு, அதுக்காகத்தான் இந்த சாஃப்ட்வேருக்கு சந்தா கட்டினோம். பேர் வேணாம், இந்த வகையில வர்ற நிறைய சாஃப்ட்வேர்ல இதே வசதிங்கதான் இருக்கு.

முதல்ல இன்டர்வியூ மார்க் ஷீட். வேலைக்கு என்னென்ன தேவைன்னு நாம முன்னாடியே எழுதணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்வி, 1ல இருந்து 5 வரைக்கும் மார்க், எப்படி பதில் சொன்னா 5 எப்படி சொன்னா 2ன்னும் எழுதி வைக்கணும், அப்புறம் வர்ற எல்லார்கிட்டயும் அதே கேள்வி அதே வரிசை. நம்ம மார்க்கை போட்டு முடிக்கிற வரைக்கும் கூட உக்காந்தவர் போட்டதை காட்டாது. இதுக்காகவே காசு குடுக்கலாம். முன்னாடியெல்லாம் ரூமை விட்டு வெளிய வந்ததுமே சீனியர் "நல்லா பேசறான்ல"ம்பார், மத்தவங்க தலையாட்டிடுவோம், முடிஞ்சுது. ரெண்டாவதா எடுத்தவங்க ரொம்ப கம்மியா பேசறவங்க, பழைய முறைன்னா கண்டிப்பா விட்டிருப்போம். ஆனா "கடைசியா ஒரு வேலை சொதப்பினப்ப என்ன பண்ணீங்க"ன்னு கேட்டதுக்கு அவங்க சொன்ன பதிலுக்கு மூணு பேரும் தனித்தனியா 5 போட்டிருந்தோம். இன்னிக்கு டீம்ல சிக்கலான வேலை எது வந்தாலும் அவங்ககிட்டதான் போகுது.

ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்லுது. சாக்கெட்ங்கற உளவியல் ஆய்வாளரும் அவர்கூட இருந்தவங்களும் 2022ல பழைய ஆய்வுகளை திரும்ப கணக்கு போட்டு பாத்ததுல, ஒருத்தர் வேலையை எப்படி செய்வார்னு கணிக்கிறதுல இப்படி கேள்வி தயார் பண்ணி நடத்தற இன்டர்வியூதான் முதல் இடம், 0.42. வாய்க்கு வந்ததை கேக்கற இன்டர்வியூ 0.19தான். 1ன்னாதான் துல்லியம், அதனால 0.42ங்கறதும் உத்தரவாதம் கிடையாது, அதையும் மனசுல வச்சுக்கங்க.

ரெஸ்யூம் ஃபில்டரை தயவுசெஞ்சு ஆஃப் பண்ணிடுங்க. அது தள்ளி விட்ட குவியலை ஒரு நாள் சாயங்காலம் நானே உக்காந்து படிச்சேன், நாங்க தேடின அதே வேலையை ஆறு வருஷம் பாத்த ஒருத்தர் அதுல கிடந்தார், அந்த வேலைக்கு வேற பேர் போட்டு எழுதியிருந்தார் அவ்வளவுதான். அமேசானே இப்படி ஒண்ணு செஞ்சு பாத்து கைவிட்டதுன்னு 2018ல ராய்ட்டர்ஸ்ல வந்துச்சு, பத்து வருஷமா வந்த ரெஸ்யூமை வச்சு கத்துக்கிட்ட அது, பெண்கள்ங்கற வார்த்தை வந்தாலே மதிப்பை குறைச்சிருக்கு.

ஆளை எடுத்ததுக்கப்புறம் யூஸ் பண்றதுக்குன்னு தர்ற பகுதி ரொம்ப சுமார். வாரா வாரம் ஒரு சர்வே, சிரிச்ச முகம் அழுத முகம்னு அஞ்சு பொம்மை, ஒண்ணை அமுக்கணும். எங்கள்ல ஒருத்தர் ராஜினாமா பண்ண வாரம் வரைக்கும் சிரிச்ச முகத்தைத்தான் அமுக்கியிருக்கார். அது எனக்கு ரொம்ப வலிச்சுது, ஏன்னா அதை நம்பி நான் அவர்கிட்ட நேர்ல கேக்கறதையே விட்டுட்டேன். இப்போ சர்வேயை நிறுத்திட்டு ஒவ்வொருத்தர்கூடவும் வாரம் அரைமணி நேரம் தனியா உக்காந்து பேசறேன், என்ன பேசணும்னு அவங்கதான் முதல்ல எழுதணும், வேலை நெருக்கடின்னு ஒருவாட்டி கூட தள்ளிப் போடறதில்ல. அதுக்கு சாஃப்ட்வேர்ல இருக்கிற நினைவூட்டலே போதும்.

மார்க் ஷீட் மட்டும் வர்ற சின்ன பிளானுக்கு மாறிட்டோம்.