காரைக்குடி பழைய சாமான் கடைகள்: சின்ன பட்ஜெட்டில் பழைய வீட்டைச் சரிசெய்பவர்களுக்கு உதவுமா?

பழைய வீட்டை வாங்கிவிட்டு, மிச்சமிருக்கும் கொஞ்சப் பணத்தில் அதைக் குடியிருக்கிற மாதிரி ஆக்க வேண்டும் என்று இருப்பவர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு நல்ல இடம். ஆனால் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற சாமான்களுக்காக இல்லை. செதுக்கிய தூண், பித்தளைக் குமிழ் பதித்த வாசல் கதவு, பெரிய நிலைக்கண்ணாடி, எனாமல் பாத்திரம் எல்லாம் ஹோட்டல் கட்டுகிறவர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை கடையின் பின்பக்கத்தில்தான். சாதாரண உள் கதவு, கம்பி ஜன்னல், உத்திரக் கட்டை, பழைய ஓடு இதெல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். ஊருக்கு வெளியே உள்ள மரக் கிடங்குகளில் இன்னும் மலிவு.

எங்கள் வீடு புதுக்கோட்டையில். முன்பக்கம் சீமை ஓடு (மங்களூர் ஓடு), பின்னால் இரண்டு அறைக்கு மெட்ராஸ் ஒட்டு என்கிற பழைய கட்டைக் கூரை, ஒன்றரை அடி கனத்தில் சுவர், கூடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை. எங்களுக்கு இது முதல் வீடு, வாங்குவதற்கே வங்கிக் கடன், அதனால் வேலைக்கான பணம் சேமிப்பும் கொஞ்சம் நகைக் கடனும்தான். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு "இடிச்சுட்டுப் புதுசா கட்டிடுங்க, அதுதான் லாபம்" என்றார். யாருக்கு லாபம் என்று அவர் சொல்லவில்லை.

கடையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பணத்தை எந்த வரிசையில் செலவழித்தோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வரிசை இல்லாமல் காரைக்குடி போனால் பர்ஸ் காலியாகித்தான் திரும்புவீர்கள். முதலில் கூரை. மெட்ராஸ் ஒட்டு என்பது தேக்குக் கட்டைகளை அடுக்கி, அதன் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் வைத்துச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துத் தளம் போட்டு, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதிப்பது. அதில் விரிசல் விட்டால் தண்ணீர் நேராகக் கட்டைக்குத்தான் இறங்கும், சுவருக்குள் போய்ச் சேர்கிற கட்டை முனைதான் முதலில் இற்றுப்போகும். எங்கள் வீட்டில் நல்லவேளையாக இரண்டு கட்டைதான் போயிருந்தது. அடுத்தது சுவர் ஓதம். பழைய சுண்ணாம்புச் சுவரில் யாரோ இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூச்சு பூசி வைத்திருந்தார்கள், உள்ளே ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் அதற்கு மேலே உப்புப் பூத்துப் பெயிண்ட் பொரிந்து கிடந்தது. அந்தச் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையே பூசினோம். மூன்றாவது ஒயரிங். வீடு முழுக்க எர்த் ஒயரே கிடையாது. மரப்பட்டிக்குள் ஓடிய பழைய ஒயரை முழுவதும் எடுத்துவிட்டுப் புது ஒயர், எர்த் குழி, மின்கசிவு வந்தால் கரண்ட்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எல்லாம் போட்டோம். இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. நாலாவது தண்ணீர்க் குழாய், துருப்பிடித்த ஜிஐ இரும்புப் பைப்புக்குப் பதில் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்.

இதெல்லாம் முடிந்தபோது கதவு ஜன்னலுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்ததில் பாதிக்கு மேல் காலி. புதுத் தேக்கில் நிலையோடு ஒரு கதவு செய்ய ஆசாரி சொன்ன தொகையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எங்களுக்கு நாலு கதவு, மூன்று ஜன்னல், இரண்டு உத்திரக் கட்டை தேவை. அந்த ஆசாரியேதான் "காரைக்குடியில பழசு பார்ப்போம் பாப்பா, அந்த மரம் இனிமே கிடைக்காது" என்று கூட வந்தார்.

செட்டிநாட்டில் இவ்வளவு மரம் எப்படி என்பது தெரிந்த கதைதான். பர்மாவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார்கள் அங்கிருந்து தேக்கைக் கொண்டுவந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை பெரிய பெரிய வீடுகளைக் கட்டினார்கள், அப்புறம் பங்குதாரர்கள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் ஒவ்வொரு வீடாக இடிபட, அந்தச் சாமான்கள் இந்தக் கடைகளுக்கு வந்தன. கொஞ்சம் மனசு உறுத்தத்தான் செய்கிறது. நல்ல விலை கிடைக்கிறது என்பதாலேயே சில வீடுகள் சீக்கிரம் இடிபடலாம் இல்லையா? செதுக்கு வேலை உள்ள கதவைத் தொடாமல் விட்டதற்குப் பட்ஜெட் முதல் காரணம், இது இரண்டாவது காரணம். உள் அறைக் கதவும் கொல்லைப்புறக் கதவும் யாரும் வாங்காவிட்டால் விறகுக்குத்தான் போகும்.

சரி, கடைகள். கடைக்காரர்கள் மரம் தெரிந்தவர்கள், வாயில்லாத கட்டையைக்கூடப் பேச வைத்துவிடுவார்கள். எதைத் தொட்டாலும் "பர்மா தேக்கு" என்பார்கள். நிறைய உண்மையும்தான், ஆனால் அங்கே இருக்கிற ஒவ்வொரு துண்டும் ரங்கூனில் கப்பல் ஏறியதில்லை. வேங்கை இருக்கிறது, இலுப்பை இருக்கிறது, பலா இருக்கிறது, பனங்கையும் இருக்கிறது. எல்லாமே நல்ல மரம், ஆனால் தேக்கு விலை கொடுக்கத் தேவையில்லை. பெயிண்ட் அடித்த கதவாக இருந்தால் மேல் விளிம்பில், யாருக்கும் தெரியாத இடத்தில், கத்தியால் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கக் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். நாங்கள் போன கடைகளில் ஒன்றில் மட்டும்தான் மறுத்தார்கள்.

ஆசாரி பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் நிலையின் அடிப்பாகம், தரையோடு ஒட்டி இருக்கும் அரை அடி. கரையானும் ஈரமும் அங்கேதான் வேலையைக் காட்டும். ஒரு ஆணியை வைத்து அழுத்துவார், நுழைந்தால் அவ்வளவுதான், நகர்ந்துவிடுவார். அப்புறம் விரலால் தட்டிக்கொண்டே போவார், சத்தம் பொத்தென்று மாறும் இடத்தில் உள்ளே உளுத்திருக்கிறது என்று அர்த்தம். மரத்தின் வெளி வெள்ளைப் பகுதி எவ்வளவு இருக்கிறது என்று முனையில் பார்ப்பார். வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் சுலபத்தில் தொடாது, வெள்ளையைத் தேக்கானாலும் தின்னும். சட்டம் முறுக்கியிருக்கிறதா என்று நிலையின் ஒரு பக்கத்தில் கண்ணை வைத்து மறுபக்கத்தைப் பார்ப்பார். முறுக்கிய நிலையை எந்தக் கடவுளாலும் நிமிர்த்த முடியாதாம்.

அளவு விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். பழைய நிலைக்கு ஐந்துக்கு மூன்று, ஆறுக்கு நாலு அங்குலம் என்று கனமான சட்டங்கள், இப்போது கட்டுகிற மெல்லிய செங்கல் சுவர்களுக்கு அது பெரிது. எங்கள் ஒன்றரை அடிச் சுவருக்குப் பொருந்தியது. வீட்டில் சுவரின் திறப்பு, தரை மட்டம், கதவு உள்ளே திறக்க வேண்டுமா வெளியேயா, கீல் எந்தக் கைப்பக்கம் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கதவை நிலையோடு சேர்த்தே வாங்குங்கள். தனிக் கதவு மலிவாகத் தெரியும், அதற்கு நிலை தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொரு விஷயம், டேப்பைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டது முழுக்க நான்தான், ஆனால் பதில் எல்லாம் "சார், இது ஒரிஜினல் சார்" என்று என் வீட்டுக்காரருக்கே போனது. அவருக்குத் தேக்கும் தெரியாது வேங்கையும் தெரியாது. விலை பேசும்போது மட்டும் என்னிடம் திரும்பினார்கள்.

விலை சொன்னதில் இருந்து மூன்றில் ஒரு பங்கு குறையும், ஒரே கடையில் நாலைந்து சாமான் எடுத்தால் இன்னும் கொஞ்சம். நிலையோடு சேர்த்து ஒரு உள் கதவு, ஆசாரி சொன்ன புது விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. ஆனால் அதோடு கணக்கு முடியாது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. குட்டியானை வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, பழைய ஆணி பிடுங்குவது, கீல் மாற்றுவது, இற்ற இடத்தில் ஒட்டுப்போடுவது, இழைத்துப் பாலிஷ் போடுவது என்று செலவு நீளும். ஆசாரி கூலி மட்டும் மரத்தின் விலையில் பாதியைத் தொட்டது. எல்லாம் சேர்த்துப் புதுசில் பாதி விலையைக் கொஞ்சம் தாண்டியது, ஆனாலும் புதுசைவிட மலிவு, மரமும் இப்போது கிடைக்காத ரகம், ஆகையால் எனக்குத் திருப்திதான். உங்களுக்குத் தெரிந்த ஆசாரி இல்லை, தினக்கூலிக்கு வெளி ஆள் என்றால் இந்த லாபம் கரைந்துவிடும்.

பழைய பெயிண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள் பெயிண்ட் கதவுகளை வீட்டுக்குள் வைத்து உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் கூடாது. நாங்கள் பெயிண்ட் நீக்கும் திரவம் தடவி, கொல்லைப்புறத்தில் வைத்து, ஈரமாகவே சுரண்டி எடுக்கச் சொன்னோம். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

ஜன்னல்கள்தான் நான் அதிகம் சந்தோஷப்பட்ட சாமான். உருட்டுக் கம்பி, மேல் கதவு கீழ்க் கதவு தனித்தனியாகத் திறக்கும் நாலு கதவு ஜன்னல். கீழே மூடிவிட்டு மேலே மட்டும் திறந்து வைத்தால் தெருவில் போகிறவர்கள் கண் படாது, காற்றும் வரும். புது அலுமினிய நழுவு ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். ஒரே குறை கொசுவலை, அதற்குத் தனியாகச் சட்டம் அடிக்க வேண்டியிருந்தது, பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை.

ஓடு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சீமை ஓட்டின் அடியில் தொழிற்சாலைப் பெயர் பதிந்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் 1865-இல் ஆரம்பித்த தொழில் அது, பின்னால் நிறையத் தொழிற்சாலைகள் வந்தன, ஒவ்வொன்றின் அளவும் பள்ளமும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். வேறு வேறு பெயர் உள்ள ஓடுகள் ஒன்றோடொன்று சரியாகக் கவ்வாது, மழையில் அந்த இடைவெளி வழியே ஒழுகும். அதனால் உங்கள் கூரையில் உள்ள ஓட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் அதே பெயரைத் தேடுங்கள், கோத்துப் பார்த்து வாங்குங்கள். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 முதல் 150 ஓடு பிடிக்கும், உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். தட்டோடு மட்டும் பழசு வேண்டாம், ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை உடைத்து எடுப்பதற்குள் ஓடு உடைந்துவிடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு சண்டைக்கும் தயாராகப் போங்கள். "இன்னொருத்தர் வீட்டு நிலையை நம்ம வாசல்ல வைக்கிறதா, அந்த வீடு எப்படி வாழ்ந்துச்சோ எப்படி அழிஞ்சுச்சோ" என்று அத்தை ஒரே பிடியாக நின்றார்கள். வாசல் நிலை மட்டும் வீட்டில் ஏற்கெனவே இருந்ததையே வைத்துக்கொள்வது, உள் கதவுகளுக்கு ஆட்சேபணை இல்லை என்று சமாதானமானது. செலவும் ஒன்று குறைந்தது, அத்தைக்கு நன்றி.

அதே பயணத்தில் தரை டைல்ஸ் செய்கிற ஆத்தங்குடியும் போனோம். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்ட்டும் போட்டுக் கையாலேயே செய்கிறார்கள், சூளையில் சுடுவது கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவதுதான். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பதிக்கத் தெரிந்த ஆளைக் கூட்டி வர வேண்டும், பதிக்கிற கூலி அதிகம், புளியும் எலுமிச்சையும் சிந்தினால் கறை பிடிக்கும். எங்கள் கூடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை நன்றாகவே இருந்ததால் விரிசலை மட்டும் அடைத்து மெருகேற்றிக்கொண்டோம், பூஜை அறைக்கு மட்டும் கொஞ்சம் வாங்கினோம். நல்ல ஆக்சைடு தரை உள்ள வீட்டில் அதை உடைத்து டைல்ஸ் போடச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

குறைகள்: பெரும்பாலும் பில் தர மாட்டார்கள், கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். வாங்கிய சாமானைத் திருப்பி எடுப்பதில்லை. ஒரு கிடங்கில் நாங்கள் அடையாளம் போட்டு முன்பணம் கொடுத்துவிட்டு வந்த உத்திரக் கட்டைக்குப் பதில் வேறு கட்டை வண்டியில் ஏறியிருந்தது, ஆசாரி முனையில் கரியால் போட்ட குறியைப் பார்த்ததால்தான் பிடித்தோம், சத்தம் போட்ட பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். எனவே ஏற்றும்போது கூடவே நில்லுங்கள். உத்திரக் கட்டை என்றால் நீளம் மட்டும் போதாது, தாங்குமா என்று ஒரு சிவில் என்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைக்காரர் ஒருவர் சின்னத் தொகைக்கு வந்து பார்த்துச் சொன்னார், இந்த மொத்த வேலையிலும் அதைவிட உருப்படியாகச் செலவான பணம் கிடையாது.

மதிப்பெண் கேட்டால், மரச் சாமானுக்கு ஐந்துக்கு நாலு, ஓட்டுக்கு மூன்று, வியாபார முறைக்கு இரண்டு. குளியலறைக் கதவுக்கு மட்டும் அங்கே தேடாதீர்கள். எவ்வளவு நல்ல தேக்கானாலும் தினமும் தண்ணீர் பட்டால் அடிப்பாகம் இற்றுவிடும், நாங்கள் அதற்கு உள்ளூர்க் கடையில் பிவிசி கதவுதான் வாங்கி மாட்டினோம்.